புது இயர்பட்ஸின் ஒலியை நாமே எடைபோடுவது எப்படி?

என் தம்பி போன வருடம் புதிதாக ஒரு இயர்பட்ஸ் வாங்கினான். இரண்டே நாளில் அதை என் மேசையில் கொண்டுவந்து வைத்து, “அக்கா, இதுல பேஸே இல்ல. தகர டப்பாக்குள்ள உட்கார்ந்து பாடுற மாதிரி இருக்கு. திருப்பி அனுப்பிடவா?” என்றான். துடைத்துவிட்டு என் காதில் போட்டேன். எனக்கு நன்றாகவே கேட்டது. அவனை மாட்டச் சொல்லிப் பார்த்தால், பட்ஸ் காதுக்குள் உட்காராமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. பெட்டியைக் கிளறி, பிரிக்காமல் கிடந்த, பட்ஸ் முனையில் மாட்டும் பெரிய ரப்பரை எடுத்து மாற்றிக் கொடுத்தேன். அதே பாட்டு, அதே சத்தம். ஆள் முகமே மாறிவிட்டது. திருப்பி அனுப்பும் பேச்சு அதோடு நின்றது.

ஒரு பட்ஸைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், நாம் கேட்டுக்கொண்டிருப்பது அந்தப் பட்ஸைத்தானா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ரப்பர் பொருந்தாமல் இருக்கலாம். போனில் ஏதாவது எஃபெக்ட் ஓடிக்கொண்டிருக்கலாம். பாட்டே மட்டமான ஃபைலாக இருக்கலாம். ஒப்பிடுகிற இரண்டில் ஒன்று கொஞ்சம் சத்தமாக ஓடலாம். இந்த நான்கையும் ஓரங்கட்டிவிட்டால் மிச்ச வேலை சுலபம். கருவி எதுவும் வேண்டாம். நன்றாகத் தெரிந்த நாலைந்து பாட்டும் இரண்டு மூன்று நாள் பொறுமையும் போதும்.

முதலில் ரப்பர்

பட்ஸுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் பெரும்பாலும் 6 முதல் 12 மில்லிமீட்டர் அகலம்தான். அவ்வளவு சின்னது காதுக்குள் அதிரும் பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியைத் தருகிறது என்றால், அதற்குக் காரணம் காதுக் குழாய்க்குள் அடைபட்டிருக்கும் அந்தத் துளிக் காற்று. எங்காவது ஒரு சின்ன இடுக்கு இருந்தாலும் தாழ்ந்த ஒலியின் அழுத்தம் அது வழியாக வெளியே போய்விடும். மேல் ஒலிகள் அவ்வளவாகப் பாதிக்கப்படாது. அதனால்தான் பொருந்தாத பட்ஸ் எல்லாம் ஒரே மாதிரி ‘சல்லிசாக’, கீச்சென்று கேட்கிறது.

சோதிக்க ஒரு எளிய வழி. பாட்டை நிறுத்துங்கள், இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். இரண்டு பட்ஸையும் மாட்டிக்கொண்டு, வாயை மூடி “ம்ம்ம்...” என்று தாழ்ந்த குரலில் இழுங்கள். நன்றாக அடைத்திருந்தால் உங்கள் குரல் தலைக்குள் அண்டாவுக்குள் பேசுவதுபோல் முழங்கும். ஒரு பக்கம் மட்டும் முழங்கினால், மற்ற பக்கம் காற்று கசிகிறது. இதே சோதனையைத் தாடையை அசைத்துக்கொண்டும் செய்து பாருங்கள். முறுக்கு தின்றால் கழன்றுவிடுகிற பட்ஸ் நடைப்பயிற்சியிலும் நிற்காது.

இரண்டு காதுக்கும் ஒரே அளவு ரப்பர் என்று கட்டாயம் இல்லை. எனக்கே வலது காதுக்கு நடுத்தரம், இடது காதுக்குப் பெரியது. மாட்டும்போது எதிர்க் கையால் காது மடலை மேலும் பின்னும் லேசாக இழுத்துக்கொண்டு, பட்ஸை உள்ளே வைத்து ஒரு சின்னத் திருகு கொடுத்தால் சரியாக உட்காரும். அப்புறம் பேஸ் உள்ள ஒரு பாட்டை ஓட விட்டு, விரலால் பட்ஸை மெதுவாக உள்பக்கம் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது பேஸ் திடீரென்று கூடினால் ரப்பர் இன்னும் சரியில்லை என்று பொருள்.

2016-இல் வந்த முதல் ஏர்பாட்ஸ் மாதிரி, ரப்பரே இல்லாமல் காது விளிம்பில் தொங்குகிற வகை ஒன்று உண்டு. அதில் ஆழமான பேஸை எதிர்பார்க்க முடியாது. அதன் சௌகரியம் வேறு. 2019-இல் வந்த ஏர்பாட்ஸ் ப்ரோ மாதிரி ரப்பர் உள்ள வகையோடு அதை வைத்து ஒப்பிடுவது மாட்டுவண்டியையும் மோட்டார் சைக்கிளையும் ஒப்பிடுகிற கதை.

போனைச் சரிபார்த்தல்

இப்போது போன். டால்பி, ஈக்வலைசர் (பேஸ், குரல் என்று ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி), ஸ்பேஷியல் ஆடியோ, பேஸ் பூஸ்ட் என்று என்னென்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் அணையுங்கள். போன் அமைப்புகளில் ஒரு இடம், பட்ஸின் சொந்த ஆப்பில் ஒரு இடம், பாட்டு ஆப்புக்குள் ஒரு இடம் என்று மூன்று இடத்தில் இவை ஒளிந்திருக்கும். மூன்றையும் பாருங்கள். பிறகு ஆக்சஸிபிலிட்டி எனப்படும் அணுகல்தன்மை அமைப்புக்குப் போய், இடது-வலது சமநிலைக் கோடு சரியாக நடுவில் இருக்கிறதா, இரண்டு பக்கமும் ஒரே ஒலியைத் தரும் ‘மோனோ ஆடியோ’ அணைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வீட்டுப் பெரியவருக்காக எப்போதோ மாற்றியதை மறந்துவிட்டு, பட்ஸைத் திட்டியவர்களை எனக்குத் தெரியும்.

பாட்டின் தரமும் இங்கேதான் வருகிறது. வாட்ஸ்ஆப்பில் பத்துக் கை மாறி வந்த ஃபைலை வைத்து எதையும் சோதிக்காதீர்கள். ஸ்பாட்டிஃபையில் மிக உயர்ந்த தரம் என்று தேர்ந்தெடுத்தால் நொடிக்கு 320 கிலோபிட் வரை கிடைக்கும். ஆப்பிள் மியூசிக்கில் 2021 முதல் சுருக்க இழப்பே இல்லாத தரமும் இருக்கிறது. டேட்டா மிச்சப்படுத்தும் வசதி ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

கோடெக் பற்றி நிறையப் பேர் பயமுறுத்துவார்கள். புளூடூத்தில் பாட்டு அப்படியே போவதில்லை, சுருக்கித்தான் போகிறது. சுருக்கும் முறைக்குப் பெயர் கோடெக். எஸ்பிசி எல்லாக் கருவியிலும் கட்டாயம் இருக்கும். ஐபோன் எஸ்பிசி, ஏஏசி இரண்டோடு நிறுத்திக்கொள்கிறது. ஆண்ட்ராய்டில் 8-ஆம் பதிப்பிலிருந்து சோனி உருவாக்கிய எல்டாக்கும் உண்டு. அது 330, 660, 990 கிலோபிட் என்ற மூன்று வேகத்தில் ஓடும். 990-இல் வைத்துக்கொண்டு கூட்டமான பஸ் ஸ்டாண்டில் நின்றால் பாட்டு விட்டுவிட்டு வரும் வாய்ப்பு அதிகம். என் அனுபவத்தில், ரப்பரை மாற்றினால் தெரிகிற வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்குகூட கோடெக்கை மாற்றினால் தெரிவதில்லை. எல்டாக் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

லேப்டாப்பில் கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மீட்டிங் ஆப் பின்னால் திறந்திருந்து பட்ஸின் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தால், புளூடூத் அழைப்பு முறைக்கு மாறிவிடும். பாட்டு அப்போது பழைய டிரங்க் கால் மாதிரிதான் கேட்கும். அது பட்ஸின் கோளாறு இல்லை. ஆப்பை மூடினால் சரியாகிவிடும்.

எந்தப் பாட்டை வைத்துச் சோதிப்பது

உலகத் தரமான சோதனைப் பாட்டு என்று யாராவது பட்டியல் கொடுத்தால் அதை ஒதுக்குங்கள். முன்பின் கேட்காத பாட்டில் எது இருக்கிறது, எது இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நூறு தடவை கேட்ட, அடுத்து எந்த இடத்தில் எந்த வாத்தியம் வரும் என்று தூக்கத்திலும் சொல்லக்கூடிய பாட்டுதான் அளவுகோல்.

நான் வைத்திருப்பது ஐந்து: மிருதங்கம் நன்றாகப் பதிவான ஒரு கச்சேரித் துண்டு, தனி ஆவர்த்தனம் இருந்தால் இன்னும் நல்லது, பெண் குரல் முன்னால் நிற்கும் மெதுவான சினிமாப் பாட்டு, வயலின் கூட்டமும் பேஸ் கிட்டாரும் சேர்ந்து ஓடும் எண்பதுகளின் பாட்டு, இப்போதைய குத்துப்பாட்டு ஒன்று, கடைசியாக ஒரு பழைய மோனோ பதிவு. அதோடு ஒரு ஆண் குரல் செய்தி வாசிப்பும் வேண்டும். அது எதற்கு என்று அடுத்துச் சொல்கிறேன்.

சத்தத்தைச் சமப்படுத்துங்கள்

இரண்டு பட்ஸை ஒப்பிடும்போது, எது ஒரு துளி சத்தமாக ஓடுகிறதோ அதுதான் நன்றாக இருக்கிறது என்று காது சொல்லும். எல்லோருடைய காதும் அப்படித்தான். காரணம் உண்டு: சத்தம் குறையக் குறைய, தாழ்ந்த ஒலிகள் காதுக்கு மற்றவற்றைவிட வேகமாக மங்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-இலேயே இதை அளந்து வரைபடமாகக் கொடுத்துவிட்டார்கள். ஆக, கொஞ்சம் சத்தம் கூட்டினாலே பேஸ் நிறைந்ததுபோல் தோன்றும். கடையில் டெமோ காட்டுபவர் ஏன் வால்யூமை ஏற்றிக் கொடுக்கிறார் என்று புரிகிறதா?

செய்தி வாசிப்பு இங்கேதான் உதவும். பேச்சுக் குரல் எவ்வளவு சத்தமாக இருக்கும் என்பது நம் எல்லோருக்கும் பழக்கம். எதிரில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்கும்வரை முதல் பட்ஸின் வால்யூமை வையுங்கள். இரண்டாவதையும் அதே அளவுக்கு வையுங்கள். அதற்குப் பிறகுதான் பாட்டு. ஒரு பட்ஸில் முழுப் பாட்டையும் கேட்டு முடித்துவிட்டு மற்றதற்குப் போகாதீர்கள். காது ஒரு ஒலியின் சாயலைச் சில நொடிகளுக்கு மேல் துல்லியமாக வைத்திருக்காது. இருபது விநாடித் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதையே மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

பேஸ்: மிருதங்கம் சொல்லும்

‘பேஸ் அதிகம்’ என்பதும் ‘பேஸ் நல்லது’ என்பதும் வேறு வேறு. இதைப் பிரித்துக்காட்ட மிருதங்கத்தைவிட நல்ல வாத்தியம் எனக்குத் தெரியாது.

இடது பக்கமான தொப்பியில் ரவைப் பசை ஒட்டியிருப்பார்கள். அதிலிருந்துதான் அந்தத் தாழ்ந்த ‘தொம்’ வருகிறது. நல்ல பட்ஸில் ஒவ்வொரு தொம்முக்கும் ஒரு தொடக்கம், ஒரு உடம்பு, ஒரு முடிவு இருக்கும். வித்வான் உள்ளங்கையைத் தோல்மேல் அழுத்தி நகர்த்தும்போது வருகிற கும்கியில், ஒலி கீழிருந்து மேலே வளைந்து ஏறுவது காதில் விழும். மட்டமான பட்ஸில் எல்லாத் தொம்மும் ஒரே ‘டும்’ ஆகிவிடும். அடுத்த அடி விழும்வரை அது இழுத்துக்கொண்டே கிடக்கும். கும்கி வெறும் குத்தாக முடிந்துவிடும். பேஸ் நிறைய இருக்கிறது, ஆனால் பேஸுக்குள் எதுவும் இல்லை.

வலது பக்கமான வலந்தலையையும் கவனியுங்கள். அதன் நடுவில் இருக்கும் கருப்பு வட்டத்தால்தான் மிருதங்கத்துக்குத் தெளிவான சுருதி கிடைக்கிறது, சர் சி. வி. ராமன் 1920-இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சாப்பு என்ற அடி விழும்போது அது பாடகரின் சுருதியோடு சேர்ந்து ‘ணங்’ என்று ஒலிக்க வேண்டும். அட்டையில் தட்டியது மாதிரி கேட்டால், நடுப்பகுதி ஒலியைப் பட்ஸ் விழுங்குகிறது என்று அர்த்தம்.

அடுத்து குத்துப்பாட்டுக்கு மாறுங்கள். அடி விழும் அதே நேரத்தில் பாடுபவரின் குரலைப் பிடியுங்கள். ஒவ்வொரு அடிக்கும் குரல் உள்ளே போய் வெளியே வருகிறதா, போர்வைக்குள்ளிருந்து பாடுகிறதா? அப்படியானால் பேஸ் தன் எல்லையைத் தாண்டிக் குரலின் வீட்டுக்குள் புகுந்துவிட்டது. புதிதாக வாங்குபவர்களை முதல் நிமிடத்தில் மயக்குவதும் இரண்டாவது வாரத்தில் வெறுக்கவைப்பதும் இதே பேஸ்தான்.

குரலும் கூர்மையும்

குரலின் தெளிவு பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது (ஹெர்ட்ஸ் எண் கூடக் கூட ஒலி கீச்சென்று உயரும்). நம் வெளிக்காதும் காதுக் குழாயும் 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலியை இயல்பாகவே தூக்கிக் கொடுக்கும். பட்ஸ் குழாயை அடைத்துக்கொண்டு உட்காருவதால் அந்த வேலையைப் பட்ஸே செய்தாக வேண்டும். ஒலிக் கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவ், டாட் வெல்டி முதலியோர் 2010-களில் பலரைக் கேட்க வைத்து, பெரும்பாலோருக்குப் பிடிக்கும் ஒலியின் வடிவத்தை வரைந்தார்கள். விமர்சனங்களில் ‘ஹார்மன் கர்வ்’ என்று ஒரு கோடு போட்டுக் காட்டுவது அதுதான். அந்தக் கோட்டிலிருந்து நிறைய விலகும் பட்ஸ் எச்சரிக்கைக்குரியது. கோட்டின்மேல் ஓடுவதெல்லாம் உங்களுக்குப் பிடிக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

நாம் செய்ய வேண்டியது எளிது. பெண் குரல் பாட்டை எடுங்கள். முதலில், பாடகி எங்கே நிற்கிறார்? முன்னால் நின்று பாடுகிறாரா, பக்கத்து அறையிலா? ல, ள, ழ மூன்றும் பிரிந்து கேட்கிறதா? மூச்சு எடுப்பது, வார்த்தை முடியும்போது உதடு மூடுவது, இதெல்லாம் வருகிறதா? மூக்கடைத்த மாதிரி இருந்தால் நடுப்பகுதியின் கீழ்ப்பக்கம் தடித்திருக்கிறது.

பிறகு ‘ஸ’, ‘ஷ’, ‘ச’ வரும் இடங்களில் நில்லுங்கள். ஊசியால் குத்துவதுபோல் ‘ஸ்ஸ்’ என்று சீறினால், 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் தேவைக்கு மேல் தூக்கியிருக்கிறது. இந்தத் தூக்கலை விளம்பரங்கள் ‘துல்லியம்’ என்று விற்கும். உண்மையான துல்லியத்தைத் தம்புராவில் தேடுங்கள். கச்சேரியின் பின்னால் ஓடும் தம்புரா வெறும் ரீங்காரமாக இல்லாமல், தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவாளி நூலின் வேலையால் ஒவ்வொரு மீட்டலிலும் மேல்சுரங்கள் மலர்ந்து அடங்குவது கேட்டால், அந்தப் பட்ஸின் மேல்பகுதி உண்மையிலேயே நன்றாக இருக்கிறது.

நடுவில் நிற்கிறதா, பிரிந்து நிற்கிறதா

இப்போது அந்தப் பழைய மோனோ பதிவு. அதில் இரண்டு பக்கமும் ஒரே ஒலி என்பதால், மொத்தப் பாட்டும் நெற்றிக்கு நேராக ஆணி அடித்த மாதிரி நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் முதலில் ரப்பர், அடுத்து போன் சமநிலை, மூன்றாவதாக உங்கள் காதையே சந்தேகப்படுங்கள். சளி பிடித்திருந்தாலும் சாயும். எல்லாம் சரியாக இருந்தும் சாய்ந்தால், பட்ஸின் இரண்டு பக்கமும் பொருந்தவில்லை. இது ஈக்வலைசரால் தீராது.

எண்பதுகளின் பாட்டில் இடது பக்க வயலின், வலது பக்க கிட்டார், நடுவில் குரல், அடியில் பேஸ் கிட்டார் என்று ஒவ்வொன்றாகப் பிடித்து, அதன் பின்னால் மட்டும் அரை நிமிடம் போய்ப் பாருங்கள். பேஸ் கிட்டார் என்ன வாசிக்கிறது என்று முணுமுணுக்க முடிந்தால் நல்லது. எல்லாம் குழம்பில் கரைந்த புளி மாதிரி ஆகிவிட்டால் அவ்வளவுதான். ஆனால் சபாவில் உட்கார்ந்து கேட்கிற அகலத்தை எந்தப் பட்ஸிடமும் எதிர்பார்க்காதீர்கள்.

விருப்பமிருந்தால் இன்னொன்றும் செய்யலாம்: 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறும் ஒற்றை ஒலிப் பதிவு யூடியூபில் கிடைக்கிறது. வால்யூமைக் குறைத்துவிட்டு ஓட விடுங்கள். தாழ்ந்த பகுதியில் கரகரவென்று அதிர்கிறதா, ஏறும் வழியில் ஒலி நடுவிலிருந்து நகர்கிறதா என்று மட்டும் பாருங்கள். 15,000-க்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை என்றால் பதறாதீர்கள். வயதானால் எல்லோருக்கும் அப்படித்தான்.

பஸ்ஸில் ஒரு நாள்

அமைதியான அறையில் நல்ல பெயர் வாங்கிய பட்ஸ் பஸ்ஸில் ஏறியதும் வேறு ஆளாகிவிடும். எஞ்சின் உறுமல் பேஸை மூடிவிடுகிறது. நாம் வால்யூமை ஏற்றுகிறோம். இரைச்சல் நீக்கும் வசதி எஞ்சின், ஃபேன், ஏசி போன்ற ஒரே சீரான தாழ்ந்த சத்தத்தைத்தான் நன்றாகக் குறைக்கும். பக்கத்து சீட்டுப் பேச்சையும் ஹாரனையும் அது பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. அந்த வசதியைப் போட்டால் சில பட்ஸில் ஒலியின் குணமே மாறும். எந்த நிலையில் அதிகம் கேட்பீர்களோ அந்த நிலையில் வைத்தே எடைபோடுங்கள். இரவில் பாட்டே இல்லாமல் அதைப் போட்டு, ‘ஸ்...’ என்ற மெல்லிய இரைச்சல் தொந்தரவாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஒரு மணி நேரம்

கடைசிச் சோதனை. சோதிக்கிறோம் என்பதையே மறந்துவிட்டு, ஒரு மணி நேரம் தொடர்ந்து ஏதாவது கேளுங்கள். இருபதாவது நிமிடத்தில் கை தானாக வால்யூமைக் குறைக்கப் போகிறதா? காதைத் தேய்த்துக்கொள்கிறீர்களா? அப்படியானால் மேல்பகுதி கூர்மை அதிகம். முதல் கேட்பில் ‘ஆஹா’ போட வைத்ததுதான் பெரும்பாலும் இந்த வேலையையும் செய்யும். முதலில் சாதுவாக, கொஞ்சம் சப்பென்றுகூடத் தோன்றிய பட்ஸ், மணிக்கணக்கில் கேட்கும்போது கழற்ற மனம் வராத பட்ஸாக இருப்பதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

வால்யூமைப் பற்றி ஒரு வார்த்தை: உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் உச்ச அளவு, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். குழந்தைகளுக்கு 75.

வைத்துக்கொள்வதா, அனுப்புவதா

இப்போது ஈக்வலைசரைத் திறக்கலாம். பேஸ் கொஞ்சம் கூடுதல், ‘ஸ்’ கொஞ்சம் கூர்மை என்றால் இரண்டு மூன்று டெசிபல் குறைத்தாலே சரியாகிவிடும். கூட்டுவதைவிடக் குறைப்பது எப்போதும் பாதுகாப்பு. கரகரப்பு, ஒரு பக்கச் சாய்வு, தொம்மெல்லாம் டும் ஆவது, இவை எந்த ஈக்வலைசருக்கும் கட்டுப்படாது, அனுப்பிவிடுங்கள். காதில் போடுகிற பொருள் என்பதால் பல இடங்களில் பணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள், வேறு ஒன்று மாற்றித் தருவார்கள். அதை வாங்குவதற்கு முன்பே படித்துவைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனைகளையும் முதல் இரண்டு மூன்று நாளிலேயே முடித்துவிடுங்கள்.

நாலு மாதம் கழித்துத் தம்பி மறுபடியும் வந்தான். “அக்கா, இடது பக்கம் போச்சு. சத்தம் பாதிதான் வருது. நீ சொன்ன மோனோ பாட்டு முழுசா வலது பக்கம் நிக்குது.” சோதனையெல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறான். ரப்பரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வலைக்கண் முழுக்கக் காது அழுக்கு. பட்ஸைக் கவிழ்த்துப் பிடித்து, காய்ந்த பழைய டூத் பிரஷால் இரண்டு நிமிடம் மெதுவாகத் தட்டினேன். பாட்டு நடுவுக்கு வந்து நின்றது.